பேனா யார் கையில்? பள்ளி ஆய்வுக் கட்டுரைக்கு உதவுவது பற்றிச் சில குறிப்புகள்

நான் செய்த ஒரு தப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

அக்கா மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியில் ஆய்வுக் கட்டுரைப் போட்டி, தலைப்பு 'நீர் மேலாண்மை'. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "மாமா, நாளைக்குக் கொடுக்கணும். கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க." தண்ணீர் சம்பந்தமாகக் கிடைப்பதையெல்லாம் படிப்பது என் பழக்கம். ரெண்டு மணி நேரத்தில் ஆறு பக்கம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அவள் அதைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதி, ஓரத்தில் கோடு போட்டு, முகப்பில் ஒரு மழைத்துளி வரைந்து கொடுத்தாள். பள்ளியில் முதல் பரிசு.

அடுத்த சுற்றில் மேடையேற்றி நிற்க வைத்து நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "நிலத்தடி நீர் செறிவூட்டல்னு எழுதியிருக்கியேம்மா, அப்படின்னா என்ன?" பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நடுவர் நல்லவர்போல, வேறு கேள்வி கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாம் நாள் சொன்னாள்: "நீங்க எழுதினதுதானே மாமா. நீங்களே போய்ச் சொல்லியிருக்கலாம்."

அடுத்த வருஷம் அவளும் அவள் தோழியும் சேர்ந்து இன்னொரு ஆய்வு செய்தார்கள். இந்த முறை நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் போன தடவையைவிடப் பத்து மடங்கு நேரம் செலவானது. அந்த நாலு மாதத்தில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும், 'ப்ராஜெக்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் வயிறு கலங்கும் மாணவர்களுக்கும் பயன்படலாம்.

ஒரே சொல், ரெண்டு வேலை

நம் பள்ளிகளில் 'கட்டுரை' என்ற ஒரே சொல்லை ரெண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்ப் பாடத்தில் எழுதும் கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை உண்டு. நடுவே நாலு உட்தலைப்பு. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததை ஒழுங்காக, நல்ல நடையில் அடுக்கித் தர வேண்டும். அது ஒரு பயிற்சி, அதில் தப்பில்லை.

ஆய்வுக் கட்டுரை அது இல்லை. எழுதுகிறவருக்கே ஆரம்பத்தில் பதில் தெரியாத ஒரு கேள்வி இருக்க வேண்டும். பதிலைத் தேடிய வழியையும், கிடைத்ததையும், கிடைக்காததையும் சொல்ல வேண்டும். 'நீர் மேலாண்மை' என்று தலைப்பு கொடுத்தால் பிள்ளைக்கு முதல் வகைதான் தெரியும். அதனால் இணையத்தில் இருப்பதை எடுத்து அடுக்குகிறது. திருட வேண்டும் என்று நினைத்து எந்தப் பிள்ளையும் காப்பி அடிப்பதில்லை. வேறு என்ன செய்வது என்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தைக் கற்றுத்தர நம் ஊரில் ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் தேசிய அளவில் நடக்கிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரோடு, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராயலாம். தாய்மொழியிலேயே எழுதலாம். தமிழ்நாட்டில் இதைப் பல வருஷமாகத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வருகிறது. மேடையில் ஊமையாக நின்ற அதே பிள்ளை, அடுத்த வருஷம் போனது இதற்குத்தான்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது

முதல் நாள் அவள் கொண்டுவந்தது பழைய தலைப்பையேதான். "இந்தத் தடவை நீர் மேலாண்மையையே நல்லா பண்ணப் போறேன் மாமா."

"யார் மேலாண்மை? எந்தத் தண்ணி?"

"எல்லாத் தண்ணியும்."

உதவ உட்காருகிறவர் முதலில் செய்ய வேண்டியது இந்த 'எல்லா'வை எடுப்பது. நான் கேட்டவை சாதாரணக் கேள்விகள்தான். உங்க ஊர்ல தண்ணி எங்கிருந்து வருது? ஏரி நிரம்புதா? நிரம்பினா யாருக்குப் பாயுது? யாருக்குப் பாயலை? கடைசிக் கேள்விக்கு அவள் தோழி பதில் சொன்னாள். அவர்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்த வருஷம்கூட அவர்கள் வயல் தரிசாகத்தான் கிடந்ததாம். "ஏன்?" என்றேன். ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

அதுதான் கேள்வி. 'எங்கள் ஊர் ஏரி நிரம்பும் வருடங்களிலும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் ஏன் வருவதில்லை?'

நல்ல கேள்வியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை மூன்று. ஒன்று, பதில் பிள்ளைக்கு இன்னும் தெரியாமல் இருக்க வேண்டும். ரெண்டு, சைக்கிளில் போய்த் திரும்பும் தூரத்தில், அதன் கையில் இருக்கும் நாட்களுக்குள், பதிலுக்கான தடயம் கிடைக்க வேண்டும். மூணு, பதில் தப்பாகவும் போக வாய்ப்பு இருக்க வேண்டும். 'மரம் வளர்ப்பது ஏன் நல்லது?' என்பது மூன்றாவதில் விழுந்துவிடும். என்ன தேடினாலும் ஒரே பதில்தான் வரும்.

கேள்வி கிடைத்ததும், தேடலுக்கு முன்பே அவரவர் ஊகத்தை எழுதி வைக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் எழுதியது ஒன்றே: 'ஏரி தூர்ந்துபோய்விட்டது.' டிவியில் அப்படித்தான் சொல்கிறார்கள். சரி, எழுதி வை, தேதி போடு என்றேன். ஊகத்தை முன்கூட்டியே எழுதி வைத்தால்தான், அது உடையும்போது உடைந்தது தெரியும். இல்லாவிட்டால் கடைசியில் கிடைத்ததையே 'நான் அப்பவே நினைச்சேன்' என்று மனசு சொல்லிவிடும்.

எங்கே தேடுவது

பிள்ளைகள் முதலில் போகும் இடம் கூகுள். போகட்டும். ஆனால் என்ன சொல் போட்டுத் தேடுவது என்பதே ஒரு பாடம். வடக்கே ஏரி என்பதை மதுரைப் பக்கம் கண்மாய் என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் குளம் என்பார்கள். ஏந்தல், தாங்கல் என்றும் உண்டு. தண்ணீர் திறந்துவிடும் இடம் மதகு, மடை, தூம்பு. வழிந்து போகும் இடம் கலிங்கல், கலுங்கு, மறுகால். ஒரு சொல்லில் பத்துப் பக்கம் வந்தால் இன்னொரு சொல்லில் வேறு பத்துப் பக்கம் வரும். ஒரு தாளில் இந்தச் சொற்களை வரிசையாக எழுதிக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஊர்ப் பெயரில் இன்னொரு சிக்கல். இந்த ஊர் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். ஆனால் அந்த மாவட்டம் காஞ்சிபுரத்தில் இருந்து பிரிந்தது 2019இல். அதனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரைத் தேடினால் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் கிடைக்கும். 1997க்கு முன்னால் போனால் காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் சேர்ந்து பழைய செங்கல்பட்டு மாவட்டம். வெள்ளைக்காரன் காலத்து ஆங்கில நூல்களில் 'சிங்கிள்புட்' என்கிற மாதிரி எழுத்துக்கூட்டல் இருக்கும். 'எங்க ஊர் எதிலயுமே இல்ல மாமா' என்று அவள் சலித்துக்கொண்டது இதனால்தான். ஊர் இருந்தது, வேறு மாவட்டத்துக்குக் கீழே இருந்தது.

நாங்கள் பார்த்த ஆவணங்கள் இவை:

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. இதில் தலைகளை மட்டும் எண்ணியிருக்கவில்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஏரிப் பாசனம் எவ்வளவு, கிணற்றுப் பாசனம் எவ்வளவு என்ற பட்டியலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம்.

கிராமக் கணக்கில் உள்ள அ-பதிவேடு. எந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், அது பட்டா நிலமா புறம்போக்கா என்று சொல்லும். தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். புல வரைபடமும் அங்கே கிடைக்கும்.

கூகுள் எர்த். இதில் பழைய வருஷத்துப் படங்களுக்குப் பின்னோக்கிப் போக முடியும். வாய்க்கால் இருந்த இடத்தில் எப்போது மனைப்பிரிவு வந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பழைய மாவட்டக் கையேடுகள். செங்கல்பட்டுக்கு க்ரோல் என்ற அதிகாரி எழுதியது 1879இல் வந்தது. இந்த மாதிரி நூல்கள் பல ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நேரில் போக முடிந்தால் எழும்பூர் கன்னிமரா நூலகம். 1896இல் திறந்தது, நாட்டில் அச்சாகும் நூல்களில் ஒரு படி வந்து சேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. இதெல்லாம் எட்டாத தூரம் என்றால் மாவட்ட மைய நூலகத்தில் நூலகரிடம் போய், 'இந்தக் கேள்விக்குப் பதில் தேடுறேன்' என்று பிள்ளையே சொல்லட்டும். நாம் போய்க் கேட்கக் கூடாது.

விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அது வாசல். உள்ளே நுழைந்து, கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலுக்குப் போ, அந்த மூலத்தைப் படி, அதைக் குறிப்பிடு என்றேன். வாசலில் நின்றுகொண்டே 'வீட்டைப் பார்த்தேன்' என்று எழுதக் கூடாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் அவள் கேட்டாள். மடமடவென்று பதில் வந்தது. கூடவே ஒரு புத்தகத்தின் பெயர், ஆசிரியர், ஆண்டு. "சூப்பர் மாமா, புக்கே இருக்கு!" சரி, கண்டுபிடி என்றேன். நூலகப் பட்டியலில் இல்லை, பதிப்பகத்தில் இல்லை, எங்கும் இல்லை. அப்படி ஒரு புத்தகமே கிடையாது. இந்தச் செயலிகள் இப்படிச் செய்யும். புரியாத சொல்லை விளக்கச் சொல்லலாம், 'என் கேள்வியில் என்ன ஓட்டை' என்று கேட்கலாம். சாட்சியாக மட்டும் கூண்டில் ஏற்றக் கூடாது. பதினாலு வயசுப் பிள்ளைக்கு நான் கொடுத்த விதி ஒன்றுதான்: நீ உன் கண்ணால் பார்க்காத மூலத்தின் பெயரை எழுதாதே.

பெரியவர்களிடம் கேட்பது

ஊர் ஆய்வில் பாதி பதில் காகிதத்தில் இருக்காது, திண்ணையில் இருக்கும். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். முதல் பேட்டிக்குப் போனவள் இப்படிக் கேட்டிருக்கிறாள்: "தாத்தா, ஏரி தூர்ந்து போனதாலதானே கடைமடைக்குத் தண்ணி வரல?" தாத்தா "ஆமாம்மா" என்றார். முடிந்தது பேட்டி. கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்தால் பெரியவர்கள் மரியாதைக்காக ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த தடவை கேள்வியை மாற்றினோம். "தாத்தா, உங்க சின்ன வயசுல ஏரி திறக்கிற அன்னிக்கு என்னென்ன நடக்கும்? காலைல இருந்து சொல்லுங்க." ஒன்றரை மணி நேரம் பேசினார். மூணு மதகு. ஒவ்வொன்றுக்கும் முறை. மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாக நடந்து போய் மடை மாற்றிவிடும் நீர்க்கட்டி என்று ஒருத்தர் இருந்தார். அறுப்பு முடிந்ததும் அவருக்கு நெல் அளப்பார்கள். முதல் தண்ணீர் கடைமடைக்குத்தான். இந்தக் கடைசி விஷயம் எந்தக் காகிதத்திலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

"எந்த வருஷம் தாத்தா அவர் நின்னுட்டாரு?" என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. வருஷத்தைக் கேட்கக் கூடாது, பக்கத்தில் ஒரு சம்பவத்தை நட்டு வைத்துக் கேட்க வேண்டும். எம்.ஜி.ஆர். இறந்தப்போ அவர் இருந்தாரா? இருந்தார். அது 1987 டிசம்பர். ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் இறந்தப்போ? "ஓ, அந்த வாரம் அவர்தான் கரைமேல நின்னு சேதி சொன்னாரு." 1991 மே. சுனாமி வந்தப்போ? இல்லை, அதற்கு முன்பே போய்விட்டார். 2004 டிசம்பர். ஆக, 1991க்கும் 2004க்கும் இடையில். கட்டுரையில் அப்படியே எழுதினாள். ஒரு வருஷத்தைத் துல்லியமாகச் சொல்வதுபோல் போட்டு ஏமாற்றுவதைவிட இது நேர்மையானது.

இன்னும் மூணு விஷயம். பதிவு செய்யும் முன் அனுமதி கேட்பது. ஒரே கேள்வியை ரெண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பது. மேல்மடைக்காரரையும் கடைமடைக்காரரையும் ரெண்டு பக்கமும் கேட்பது. தண்ணீர் விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது புகார் மனுவாகிவிடும்.

எண்கள் ஒத்துப்போகாதபோது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

தாத்தா ஏரிக்கு 'நூறு பாயும்' என்று சொன்னதாக நோட்டில் இருந்தது. அவள் '100 ஏக்கர்' என்று எழுதியிருந்தாள். வழிகாட்டி ஆசிரியரின் கடிதத்தோடு நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்துக்குப் போனபோது பதிவேட்டில் ஆயக்கட்டு 131 ஏக்கர் சொச்சம். "தாத்தாவுக்கு மறந்துடுச்சு போல" என்று அடித்துவிட்டுப் பதிவேட்டு எண்ணைப் போட்டாள். அடிக்காதே, ரெண்டையும் வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். காரணம் எனக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழித்துத் தோழியின் பாட்டி ஏதோ நிலம் விற்ற கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு காணின்னா நூத்தி முப்பத்திரெண்டு சென்ட்டுடி." ரெண்டு பேரும் ஓடிப்போய்ப் பதிவைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். தாத்தா சொன்னது 'நூறு காணி'. ஏக்கர் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. ஒரு காணி என்பது 24 மனை. மனைக்கு 2,400 சதுர அடி. ஆக 57,600 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. அதாவது ஒரு காணி 1.32 ஏக்கர். நூறு காணி 132 ஏக்கர். அரசாங்கப் பதிவேடும் தாத்தாவும் ஒரே எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தப்பு நோட்டில்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். "மாமா, தாத்தா கரெக்ட்டு!" அந்தக் குரலுக்காக இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு உதவலாம்.

எண்கள் முரண்பட்டால் உடனே ஒன்றைத் தூக்கிப்போடாமல் மூணு கேள்வி கேட்க வேண்டும். எந்த அளவையில்? எதை எண்ணினார்கள்? யார் எண்ணினார்கள்? இரண்டாவதற்கு உதாரணம்: அ-பதிவேட்டில் இருப்பது ஏரி கிடக்கும் இடத்தின் பரப்பு. ஆயக்கட்டு என்பது ஏரியால் பாயும் வயலின் பரப்பு. ரெண்டும் வேறு. மூன்றாவதற்கு உதாரணம்: தமிழ்நாட்டில் ஏரிகள் சுமார் 39,000 என்று ஒரு இடத்தில் இருக்கும், 14,000 சொச்சம் என்று இன்னொரு இடத்தில் இருக்கும். முதலாவது மொத்தம். ரெண்டாவது நீர்வளத்துறை பராமரிப்பவை மட்டும். 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் அந்தத் துறைக்கு. அதற்குக் கீழே இருப்பவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. காணியா ஏக்கரா என்பது சும்மா கணக்கு இல்லை என்று பிள்ளைகளுக்கு இங்கேதான் புரிந்தது. மதகு உடைந்தால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பது என்பதே அந்த எண்ணில் இருக்கிறது.

குறிப்பு எடுப்பது

காப்பி அடிப்பது எழுதும்போது நடப்பதில்லை, குறிப்பு எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி நோட்டில் ஏற்றினால், ஒரு மாதம் கழித்து அது யாருடைய வாக்கியம் என்று நமக்கே தெரியாது.

நாங்கள் செய்தது இது. ஒரு நாற்பது ரூபாய் நீள நோட்டு. பக்கத்தை மூணாகப் பிரித்துக் கோடு. முதல் பத்தியில் எங்கிருந்து: நூல் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம், ஆளாக இருந்தால் அவர் யார், வயது, தேதி, எங்கே பேசினோம். நடுப் பத்தியில் அது என்ன சொல்கிறது. மூன்றாம் பத்தியில் எனக்கு என்ன தோன்றுகிறது. நடுப் பத்தியை எழுதும்போது புத்தகத்தை மூடிவிட வேண்டும். மூடிவிட்டு எழுத முடியவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படி. அப்படியே எடுத்தாக வேண்டிய வரி என்றால் மேற்கோள் குறி போட்டுவிடு.

மூன்றாம் பத்திதான் முக்கியம். ஆரம்பத்தில் அது காலியாகவே கிடந்தது. 'எனக்கு என்ன தோணும் மாமா, ஒன்னும் தோணல.' ரெண்டாம் மாதம் அங்கே இப்படி ஒரு வரி வந்தது: 'ஏரி நிறைய தண்ணி இருக்கு, ஆனா ரோடு தாண்டி வாய்க்கால் காஞ்சு இருக்கு. அப்போ பிரச்சினை ஏரியிலயா வாய்க்கால்லயா?' அன்றைக்கே ஆய்வு பாதி முடிந்துவிட்டது.

ரெண்டு பேரும் மூணு சனிக்கிழமை வாய்க்கால் நெடுக நடந்தார்கள். ரெண்டாவது மதகு திறக்கப்படுவதே இல்லை. நீர்க்கட்டிக்குப் பிறகு அது யார் வேலை என்று முடிவாகவில்லை. புதுச் சாலைக்கு அடியில் போட்ட சிமென்ட் குழாய், வாய்க்கால் தரையைவிட மேலே இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பை இரவல் வாங்கி அளந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம். அந்த உயரத்துக்குத் தேங்கினால்தான் தண்ணீர் அடுத்த பக்கம் போகும். மேல்மடைக்காரர்கள் போர் போட்டுவிட்டதால் வாய்க்காலைத் தூர்வார ஆள் வருவதில்லை.

ஏரி தூர்ந்த கதை? அதை அவர்களால் அளக்க முடியவில்லை. ஏரி நிறைந்திருந்த காலம்.

எழுதுவது

எழுத உட்கார்ந்ததும் முதல் வரி: 'பண்டைய தமிழர்கள் நீர் மேலாண்மையில் சிறந்து விளங்கினர்.' அடுத்தது கல்லணை. நான் கேட்டேன்: கல்லணை எந்த ஆத்துல இருக்கு? காவிரி. நம்ம ஏரிக்குத் தண்ணி? மழை. அப்போ அது ஏன் இங்கே? பதில் இல்லை. பழைய வரலாறு வேண்டுமென்றால் பக்கத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று ஒரு குழு இருந்தது பதிவாகியிருக்கிறது. 'ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலை யாருடையது' என்ற அவர்கள் கேள்விக்கு அது பொருந்தும். ஆனால் அது உத்திரமேரூரைப் பற்றிய சாட்சி. நம் ஊரிலும் அப்படி இருந்தது என்று அதை வைத்து எழுதக் கூடாது. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் அவளே எழுதினாள்.

எழுதும் வரிசையைத் தலைகீழாக வைத்தோம். முதலில் 'என்ன பார்த்தோம்'. அதற்குப் பிறகு 'எப்படிப் பார்த்தோம்'. பிறகு 'இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது'. முன்னுரை கடைசியில். முன்னுரையில் தொடங்குகிற பிள்ளை அங்கேயே மூணு நாள் மாட்டிக்கொள்ளும். என்ன கண்டுபிடித்தோம் என்று எழுதி முடித்த பிள்ளைக்கு முன்னுரை அரை மணி நேர வேலை.

நடையில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். 'காணப்பட்டது', 'அறியப்படுகிறது' என்று வரும் இடத்தில் எல்லாம் 'யார்?' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். 'வாய்க்கால் அடைபட்டுள்ளது அறியப்படுகிறது' என்பது 'மூன்று சனிக்கிழமைகள் நாங்கள் நடந்து பார்த்ததில், சாலைக்கு அப்பால் வாய்க்காலில் நீர் இல்லை' என்று ஆனது. இரண்டாவது வாக்கியத்தை எழுதிய பிள்ளையை மேடையில் யாரும் மடக்க முடியாது.

உதவுகிறவருக்கு

நான் எனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். பேனாவையும் கீபோர்டையும் தொடுவதில்லை. வாக்கியத்தைத் திருத்தித் தருவதில்லை. புரியாத இடத்தில் கோடு மட்டும். பதில் தெரிந்தாலும் முதல் தடவையே சொல்வதில்லை. எழுத்துப்பிழையைக் கடைசி வாரம் வரை பேசுவதில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கட்டாயம் உட்காருவது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவசரம் இனி கிடையாது. கடைசியில் உள்ள நன்றிப் பகுதியில் என் உதவி என்ன என்று ஒரு வரி இருக்க வேண்டும். 'கேள்வி கேட்ட மாமாவுக்கு' என்று எழுதினாள். போதும்.

மாவட்ட அளவில் பேசினார்கள். மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. நடுவர் கேட்டாராம்: "அப்போ ஏரி தூர்ந்து போகலைன்னு சொல்றீங்களா?" அவள் சொன்னது: "அது தெரியாதுங்க சார், நாங்க அளக்கல. ஏரி வத்தின பிறகு மதகோட அடிப்படிக்கட்டு எவ்வளவு மண்ணுக்குள்ள இருக்குன்னு பார்த்தா சொல்லலாம். ஆனா ஏரி ரொம்பியிருக்கும்போதே ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணி போகல, அது எங்களுக்குத் தெரியும்."

முந்தின வருஷம் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தும் நான் தர முடியாமல் போனது இந்தப் பதிலைத்தான்.

கட்டுரையின் ஒரு நகலை ஆசிரியர் நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்துக்கும் கொடுத்திருக்கிறார். குழாய் இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. இந்த மே மாதம் ஏரி வற்றினால் மதகுப் படிக்கட்டை அளக்கப் போவதாக ரெண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள். போட்டி எதுவும் இல்லை, சும்மாத்தான். நோட்டில் இன்னும் பக்கம் மிச்சம் இருக்கிறதாம்.